இங்கே என்ன இருக்கிறது?

சித்திரை பிறந்தால் போதும், பத்திரிகைகளுக்கு ஒரு கவலை வந்துவிடுகிறது. கோடை விடுமுறையில் குழந்தைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போகும் தகப்பனாரின் பணப்பை என்ன கதி ஆகுமோ என்கிற கவலைதான். உடனே 'செலவைச் சமாளிக்கப் பத்து வழிகள்' என்று கட்டம் கட்டி ஒரு பக்கம் போட்டுவிடுகிறார்கள். டிக்கட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், செவ்வாய்க்கிழமை போங்கள். பையனுடைய பரீட்சை ஹால் டிக்கட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், சலுகை கிடைக்கும். காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள், உள்ளே தோசை விலை கேட்டாலே பசி அடங்கிவிடும். ஐப்பசி மாதத்திலிருந்தே மாதம் ஐந்நூறு ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். அதற்கும் வழியில்லையானால் தவணை முறை இருக்கவே இருக்கிறது!

நானும் நாலைந்து வருஷமாக இந்தப் பட்டியல்களைப் பொறுமையாகப் படித்து வருகிறேன். "இத்தனை வாங்குகிறார்களே, எதற்கு?" என்று கேட்கச் சொல்லும் வழி ஒன்றுகூட அதில் இல்லை. "வேறெங்காவது போகலாமே" என்று சொல்லும் வழியும் இல்லை. செருப்பு கடிக்கிறது என்றால் எப்படி நொண்டினால் வலி குறையும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்த வைத்தியத்தினால் செருப்புக்காரருக்கு ஒரு நஷ்டமும் கிடையாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விலையைச் சமாளிக்க நாம் கற்றுக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் காசிலும், காசே இல்லாமலும், பாட்டி முதல் பேரன் வரை ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார்ந்து சந்தோஷப்படுவதற்குப் பொது இடங்கள் நமக்கு இருந்தன. இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. அவற்றைக் கேட்பாரற்றுப் போக விட்டுவிட்டு, மதில் சுவருக்குள் விற்கிற குதூகலத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு ஓடுகிறோம். விலை ஏறாமல் என்ன செய்யும்?

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். சென்னைக்குத் தெற்கே, திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா பூங்கா திறந்தார்கள். 611 கோடி ரூபாய் முதலீடு. ஒரு டிக்கட்டின் விலை 1,489 ரூபாயிலிருந்து ஆரம்பம் என்று அப்போது அறிவித்தார்கள். 'ஆரம்பம்' என்ற வார்த்தையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தையே வைத்துக்கொண்டாலும், நாலு பேருக்கு ஆறாயிரத்துக்கு நாற்பத்து நாலு ரூபாய்தான் குறைச்சல். நாமக்கல்லிலிருந்தோ திருச்சியிலிருந்தோ புறப்படுகிறவருக்கு ரயில் சத்தம், தங்குகிற அறை, உள்ளே இரண்டு வேளைச் சாப்பாடு எல்லாம் இதற்கு மேலே. எல்லாம் கூட்டினால் ஒரு குமாஸ்தாவின் அரை மாதச் சம்பளம் ஒரு பகலில் தண்ணீரில் சறுக்கிப் போய்விடுகிறது.

சில பூங்காக்களில் குழந்தைக்குக் கட்டணம் வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்து. வாசலிலே ஒரு அளவுகோல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நம் தகப்பனார் காலத்திலே பஸ் கண்டக்டரிடம் பையனின் வயதை இரண்டு வருஷம் குறைத்துச் சொல்லி அரை டிக்கட் வாங்கினார்கள். பையனும் சமயோசிதமாகக் கூனிக் குறுகி உட்கார்ந்துகொள்வான். அளவுகோலிடம் அந்தப் பாச்சா பலிக்காது. பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு வளர்த்தியாக இருந்தால் தாயார் பெருமைப்படுவாள். அந்த இடத்தில் மட்டும், "இன்னும் ஒரு விரற்கடை குறைவாக வளர்ந்திருக்கக் கூடாதா, பாவி!" என்று அவளுக்கே தோன்றும்.

விடுமுறை நாளுக்கு ஒரு விலை, வேலை நாளுக்கு ஒரு விலை என்பது இன்னொரு சாமர்த்தியம். சொந்தத் தொழில்காரரும் செல்வந்தரும் செவ்வாய்க்கிழமை போகலாம். ஆபீஸிலும் பட்டறையிலும் வேலை செய்கிறவனுக்கு என்றைக்கு லீவோ அன்றைக்குத்தான் டிக்கட் உச்சம். லீவு கிடைப்பது அரிது என்பதற்காகவே அவனிடம் அதிகம் வாங்குகிறார்கள். இதற்குப் பொருளாதாரத்திலே ஏதோ கௌரவமான பெயர் இருக்கிறது. தாகமாக இருக்கிறவனிடம் தண்ணீருக்கு விலை ஏற்றுகிறவனை நம் ஊரிலே வேறு பெயரால் அழைப்பார்கள்.

இந்த வியாபாரம் ஆதியில் இப்படி இல்லை. அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி 1955 ஜூலையில் டிஸ்னிலாந்தைத் திறந்தபோது வாசல் கட்டணம் ஒரு டாலர்தான். இன்றைய மதிப்புக்கு ஏறக்குறைய 12 டாலர். உள்ளே போய், எந்த ராட்டினத்தில் ஏற வேண்டுமோ அதற்கு மட்டும் சில்லறை கொடுத்து ஏறிக்கொள்ளலாம். நம் ஊர்ப் பொருட்காட்சியும் இந்த விதமாகத்தானே? சென்னைத் தீவுத்திடலிலும், மதுரையில் சித்திரைத் திருவிழாப் பொருட்காட்சியிலும் நுழைவுச் சீட்டு ஒன்று வாங்கினால் சுற்றிப் பார்க்கலாம். ராட்சத ராட்டினத்துக்குத் தனிச் சீட்டு, மரணக் கிணற்றுக்குத் தனிச் சீட்டு. டெல்லி அப்பளத்தைப் பையனுக்குப் பாதி ஒடித்துக் கொடுத்துவிட்டு, பாட்டியம்மாள் செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவலாக ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு நுழைவுச் சீட்டோடு சரி. பேரன் ராட்டினத்தின் உச்சியிலிருந்து கையை ஆட்டினால் அவளுக்கும் ஏறிய மாதிரி.

டிஸ்னிலாந்தில் 1982-ல் அந்தத் தனிச் சீட்டுகளை ஒழித்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கட். அந்த வழக்கந்தான் இப்போது நம் நாட்டிலும் பெரும்பாலும். 'எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம்' என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு முறையும் ஏறாத பாட்டியம்மாளுக்கும் டிக்கட் வேண்டும். சலுகை உண்டு என்பார்கள், சலுகை இலவசமாகிவிடாது. ரத்தக் கொதிப்புள்ள தகப்பனாருக்கும், தலை சுற்றுகிற தாயாருக்கும், பையைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகத்துக்காகவே முழுக் கட்டணம். இதன் விளைவை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். "அம்மா எதற்கு? அவளுக்குத்தான் ஏற முடியாதே, ஆயிரமாவது மிஞ்சும்" என்று பாட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். குடும்ப உல்லாசப் பிரயாணம் என்று பெயர். குடும்பத்தில் ஒரு ஆள் குறைச்சல்! டிஸ்னிலாந்தில் இன்று கூட்டம் அதிகமான நாளில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் டிக்கட் 224 டாலர் வரை போகிறது. 2025 அக்டோபரில் ஏற்றிய விலை.

வரிசையிலே நிற்பதற்கும் இப்போது இரண்டு ஜாதி. ஏறக்குறைய இன்னொரு மடங்கு பணம் கொடுத்தால் வரிசையில் நிற்காமல் முன்னால் போய்விடலாம். அமெரிக்காவில் 1999-லிருந்து இலவசமாகக் கொடுத்த சௌகரியத்தை 2021-ல் காசாக்கிவிட்டார்கள். நம் ஊர்ப் பூங்காக்களிலும் அந்த விரைவு டிக்கட் உண்டு. ஆண்டவன் சந்நிதியிலேயே சிறப்பு தரிசனச் சீட்டைக் கண்டுபிடித்த ஜனங்களுக்கு இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆச்சரியம் இல்லை. ஆனால் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நிற்கும் ஒரு பத்து வயதுப் பிள்ளை, தன்னைப் போலவே இன்னொரு பிள்ளை சிரித்துக்கொண்டே முன்னால் போவதைப் பார்த்து, "அவன் மட்டும் ஏன்பா?" என்று கேட்கிறது. தகப்பனார் என்ன சொல்லுவார்? கடன் வாங்கி அழைத்து வந்த இடத்தில் பிள்ளை படித்த முதல் பாடம் அதுவாக இருக்கிறது.

டிஸ்னியைப் பற்றி இன்னொரு சேதி. அதைத்தான் நான் முக்கியமாக எண்ணுகிறேன். இப்படி ஒரு பூங்கா கட்ட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எங்கே உதித்தது? அவரே சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கிரிஃபித் பூங்கா என்று ஒரு பொதுப் பூங்கா இருக்கிறது. 1896-ல் ஒரு தனவந்தர் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் நகரத்துக்குத் தானமாகக் கொடுத்த நிலம். டிஸ்னி தம்முடைய பெண் குழந்தைகள் இரண்டு பேரையும் அங்கே குடை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்ததாம். அந்தப் பூங்காவுக்குள் போக இன்றைக்கும் கட்டணம் கிடையாது. காசு கேட்காத ஒரு பெஞ்சியில் பிறந்த குழந்தைதான் இன்று 224 டாலர் கேட்கிறது.

பெஞ்சி என்றதும் கொல்லிமலை ஞாபகம் வருகிறது. செம்மேட்டுக்குப் பக்கத்தில் வாசலூர்பட்டியில் ஏரி ஒன்று, அதில் படகுத்துறை, அருகிலே தாவரவியல் பூங்கா. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். அந்த ஏற்றமே எந்தப் பூங்காவின் உருளை வண்டிக்கும் சளைத்ததல்ல. என்ன, பஸ் டிரைவர் அதற்குத் தனி டிக்கட் கேட்பதில்லை. நாலு பேர் படகேறி ஏரியைச் சுற்றி வந்து, ஆளுக்கு ஒரு கீற்று அன்னாசி வாங்கித் தின்றாலும், பட்டணத்துப் பூங்காவின் ஒரே ஒரு டிக்கட் விலைக்கு மிச்சம் பிடிக்கலாம்.

நான் அங்கே போயிருந்தபோது பக்கத்துப் பெஞ்சியில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. கணவன், மனைவி, பத்து வயதுப் பையன், பையனின் ஆத்தா. தூக்குச் சட்டியைத் திறந்தார்கள். புளிச்சோற்று வாசனை வந்தது. யாரும் தடுக்கவில்லை. (சினிமாக் கொட்டகைக்குள் வெளிப் பலகாரம் கொண்டு வருவதைத் தடுக்கக் கொட்டகைக்காரருக்கு உரிமை உண்டு, குடிதண்ணீர் மட்டும் இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. ஏரிக்கரைக்கு இன்னும் கொட்டகைக்காரர் வரவில்லை.)

பையன் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "அப்பா, இங்கே என்ன இருக்குது? ஒண்ணுமே இல்லையே!" என்றான்.

தகப்பனாருக்கு என்னவோ போலாகிவிட்டது. என் பக்கம் திரும்பி, "பாருங்க சார், இத்தனை வளைவு ஏறி வந்தா இவ்வளவுதான். ஒரு நல்ல கம்பெனிகிட்ட ஒப்படைச்சா ஜம்முனு ஒரு பார்க் கட்டிட மாட்டானா? வர்ற கூட்டத்துக்குக் கொட்டுமே காசு!" என்றார்.

அன்னாசிக் கீற்றில் மிளகாய்ப் பொடி தூவிக்கொண்டிருந்த மலைக்காரக் கிழவி நிமிர்ந்து பார்த்தாள். "அப்படிக் கட்டிட்டா என்னையெ உள்ளார உடுவாங்களா, சாமி?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அந்த மனிதர் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? உள்ளே விட மாட்டார்கள். அவள் தோட்டத்து அன்னாசியை ஒப்பந்தக்காரர் மொத்தமாக வாங்கி, கண்ணாடிக் கோப்பையில் போட்டு, அவள் பேரனுக்கே விற்பார். பேரனின் உயரத்தையும் வாசலில் அளந்து பார்த்துக்கொள்வார்கள்.

கொல்லிமலைக்கு ஒரு பழைய பாவை உண்டு என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். சிரித்து மயக்கி, வந்தவன் உயிரை வாங்கிவிடும் என்பது கதை. அந்தப் பாவைக்கு இப்போது பட்டணத்திலும் பல கிளைகள் ஏற்பட்டுவிட்டன. நல்ல வேளையாக அவை உயிரைக் கேட்பதில்லை. போகட்டும்.

அந்தத் தகப்பனார் கேட்டதை இன்று பாதி நாடு கேட்கிறது. ஆகையால் அவருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். மலையில் என்ன இருக்கிறது? சோளக்காட்டில் வாழையும் பலாவும் மலைமலையாகக் குவியும் சந்தை. வெள்ளோக்கு மரத்தில் கொடியேறிய மிளகு. காபித் தோட்டம். சாமையும் தினையும் விளைகிற சரிவுகள். அறப்பளீசுவரர் கோவில். அங்கிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட படி இறங்கினால் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழும் ஆகாய கங்கை. இறங்கும்போது வெகு உற்சாகம். ஏறும்போது ஜன்மம் சாபல்யம்! இவற்றில் எதுவும் ஒரு பொத்தானை அழுத்தினால் நடப்பதல்ல. கொஞ்சம் நடக்க வேண்டும், கொஞ்சம் கேட்க வேண்டும், பக்கத்திலிருப்பவரிடம் பேச வேண்டும். நம் பிள்ளைக்கு அது தெரியாமல் போனதற்குப் பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் "லீவுக்கு எங்கே போனாய்?" என்ற கேள்விக்கு, சக மாணவர்கள் ஒப்புக்கொள்ளும் பதில்களின் பட்டியலே சுருங்கிவிட்டது. அந்தப் பட்டியலில் இல்லாத ஊருக்குப் போனவன் எங்கேயும் போகாதவன். தகப்பனார் கடன் வாங்குவது ராட்டினத்துக்காக அல்ல. அந்த முதல் நாள் காலைக்காக.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். ஒரு சகோதரி எனக்கு எழுதியிருந்தார்: "நீங்கள் ஆண்பிள்ளை. எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து எழுந்து வந்துவிடுவீர்கள். வயது வந்த பெண்ணை அழைத்துக்கொண்டு வெளியே போனால் எனக்கு முதலில் வேண்டியது ஒரு சுத்தமான கழிப்பறை. அடுத்தது, குடிக்கிற தண்ணீர். அவை கிடைக்கிற இடம் அந்த மதிலுக்குள்தான். அதற்குத்தான் காசு கொடுக்கிறேன்." இந்த வாதத்துக்கு முன்னால் என் பேனாவும் தலை வணங்குகிறது. அதோடு பெரிய யந்திரங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, தினமும் சோதித்து, ஆபத்து நேராமல் ஓட்டுவதற்குச் செலவு பிடிக்கும் என்பதும் வாஸ்தவம். அந்த முதலாளிகள் ஒன்றும் திருடர்கள் அல்லர். கடை விரித்திருக்கிறார்கள், நாம் போகிறோம்.

ஆனால் அந்தச் சகோதரியின் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். அவர் ராட்டினம் கேட்கவில்லை. கழிப்பறையும் தண்ணீரும் கேட்கிறார். ஒரு சர்க்கார் தன் ஜனங்களுக்குக் கொடுக்க வேண்டிய முதல் சௌகரியங்களை ஒரு தாயார் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் டிக்கட்டில் போய் வாங்குகிறார். பணமில்லை என்று சர்க்கார் சொல்லுமானால், அதுவும் எடுபடாது. கேளிக்கைப் பூங்கா டிக்கட்டுக்குச் சரக்கு சேவை வரி 18 சதவீதம். 2018 ஜனவரிக்கு முன்பு 28 சதவீதம் இருந்தது. ஆக, நாம் சிரிக்கிற ஒவ்வொரு சிரிப்பிலும் அரசாங்கத்துக்குப் பங்கு போகிறது. அது மட்டுமா? இள்ளலூர்ப் பூங்காவுக்கு உள்ளாட்சிக் கேளிக்கை வரியிலிருந்து பத்து வருஷத்துக்கு விலக்கும் தந்திருக்கிறார்கள். பெரிய முதலீடு வந்தால் வேலை பெருகும் என்பது அவர்கள் சமாதானம். பெருகட்டும், நான் வயிற்றெரிச்சல் படவில்லை. 611 கோடிக்காரருக்குப் பத்து வருஷம் வரியை விட்டுக்கொடுக்கத் தாராள மனசு இருக்கிறது. அந்த மனசில் ஒரு மூலை, காசில்லாதவன் வந்து உட்காரும் ஏரிக்கரைகளுக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அதே வாசலூர்பட்டியே சாட்சி. வருஷா வருஷம் ஆடி பதினேழு, பதினெட்டு தேதிகளில் வல்வில் ஓரி விழாவை அரசாங்கமே நடத்துகிறது. அங்கே தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி வைக்கிறார்கள். மலை ஜனங்களும் சமவெளி ஜனங்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். சிறப்பு பஸ் விடுகிறார்கள். அதிகாரிகள் வருகிறார்கள், அதிகாரிகள் வருவதால் தண்ணீரும் வருகிறது. இரண்டு நாளைக்கு வருகிற அக்கறை மிச்சம் முந்நூற்று அறுபத்து மூன்று நாளும் எந்த ஊரில் போய் ஒளிந்துகொள்கிறது?

ஓரி வள்ளல் யாழ்ப்பாணர்களுக்கும் கூத்தர்களுக்கும் வாரிக் கொடுத்தவன் என்பதால்தான் அவனுக்குச் சிலை வைத்திருக்கிறோம். அவன் மலையில் ஒரு பெஞ்சி, ஒரு கழிப்பறை, ஒரு குடிதண்ணீர்க் குழாய், பழுதில்லாத படகு, ஆளுக்கொரு மிதவைச் சட்டை, நேரத்துக்கு ஒரு பஸ் என்று கேட்பது பேராசை ஆகுமா? வாசலூர்பட்டிக்கு மட்டும் கேட்கவில்லை. நம் ஒவ்வொரு ஜில்லாவிலும் இப்படி ஓர் ஏரிக்கரையோ அணைக்கட்டுப் பூங்காவோ ஆற்றுப் படித்துறையோ இருக்கத்தான் இருக்கிறது. சினிமா டிக்கட் விலை நாலு ரூபாய் ஏறினால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிற நாம், ஊர்ப் பூங்காவின் ஊஞ்சல் சங்கிலி அறுந்து மூன்று வருஷமானதைப் பற்றி ஒரு கார்டு போட்டிருப்போமா? பிள்ளையைச் சறுக்கு மரத்தில் விட்டுவிட்டு, "இங்கே என்ன இருக்கிறது?" என்று அலுத்துக்கொண்டு எழுந்து வந்ததோடு சரி.

பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த சித்திரையில் அந்தப் பத்து வழிகளைத் தாராளமாகப் பிரசுரியுங்கள். கீழே இரண்டு வரி இடம் இருந்தால், நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் புறப்படும் பஸ்களின் நேரத்தையும் போட்டுவிடுங்கள். பாட்டிக்கு ஜன்னலோர ஸீட்டு வேண்டும். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்தால்தான் சௌகரியம்.